காய்ச்சல் விட்ட பின் வரும் காய்ச்சல்: வைரஸ் தொற்றின் பின்னர் சிறுவருக்கு ஏற்படும் அழற்சி

கொழும்பில் மழை தொடங்கிப் பாடசாலைகளும் நடந்துகொண்டிருக்கும் மாதங்களில் தடிமன், இருமல், இரண்டு நாள் காய்ச்சல் என்று பிள்ளைகள் படுத்தெழும்புவது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். பெரும்பாலானோர் மூன்றாம் நான்காம் நாளில் எழுந்து விளையாடத் தொடங்கிவிடுவார்கள். ஒரு வாரம் கழிந்தால் அந்தக் காய்ச்சல் வீட்டில் எவருடைய நினைவிலும் இராது. ஆனால் மிகச் சில பிள்ளைகளுக்கு, வைரஸ் தொற்று ஏற்பட்டு இரண்டு முதல் ஆறு வாரங்கள் கழிந்த பின்னர், முன்னையதைவிடக் கடுமையான இன்னொரு காய்ச்சல் வருகிறது. அதனுடன் வயிற்றுவலி, சத்தி, கண்சிவப்பு, தோலில் தடிப்பு என்பனவும் சேர்கின்றன. பெற்றோருக்கு இது புதிதாகத் தொற்றிய வேறொரு நோயாகவே தோன்றும். உண்மையில் இது பழைய தொற்றின் பின்விளைவு: கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட நோயெதிர்ப்புத் தொகுதி, எதிர்க்க வேண்டியது எதுவும் மீதமில்லாத நிலையிலும் அடங்காமல், இரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் குடலிலும் அழற்சியை உண்டாக்குகிறது.

இந்நோயை இனங்காண வைத்தியர்களிடம் இரத்தப் பரிசோதனைகளும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் சென்ற மாதம் பிள்ளைக்கு வந்த தடிமனின் திகதியைப் பெற்றோரைத் தவிர வேறெவராலும் சொல்ல முடியாது. அந்தத் திகதி ஒரு பரிசோதனை அறிக்கைக்குச் சமமான பெறுமதி உடையது என்பது என் கருத்து. அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அழற்சி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அழற்சியும் அதன் காலக்கணக்கும்

காலில் முள் குத்தினால் அவ்விடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. அந்த இடத்துக்கு அதிக இரத்தமும் வெண்குழியங்களும் வந்து சேர்வதால் நிகழும் இம்மாற்றங்களே அழற்சி எனப்படுகின்றன. அழற்சி நோயன்று, அது காயத்தை ஆற்றும் வழி. கிருமி உடலெங்கும் பரவும்போது இதே வேலை உடலெங்கும் நடக்கிறது. வெண்குழியங்கள் சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியைத் தூண்டும்போது காய்ச்சல் வருகிறது. ஈரலைத் தூண்டும்போது அது சி.ஆர்.பி. என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. வைத்தியர் சி.ஆர்.பி. பரிசோதனைக்கு எழுதித் தருவது, உடலுக்குள் அழற்சி எவ்வளவு மூண்டிருக்கிறது என்பதை அந்தப் புரதத்தின் அளவைக் கொண்டு மதிப்பிடுவதற்காகவே.

நோயெதிர்ப்பு இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலாவது, பிறப்பிலேயே உள்ள எதிர்ப்பு. கிருமி நுழைந்த சில மணித்தியாலங்களிலேயே அது இயங்கத் தொடங்கிவிடும், ஆனால் எந்தக் கிருமி என்று நுணுகிப் பார்ப்பதில்லை. இரண்டாவது, கற்றுக்கொள்ளும் எதிர்ப்பு. குறிப்பிட்ட கிருமியின் வடிவத்தை அறிந்து, அதற்கென்றே பொருந்தும் பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) எனப்படும் புரதங்களை அது ஆக்குகிறது. இதற்கு ஒன்று இரண்டு வாரங்கள் செல்லும். பிறபொருளெதிரிகளின் அளவு உச்சத்தை எட்ட அதைவிடவும் காலம் பிடிக்கும். ஆகவே கற்றுக்கொள்ளும் எதிர்ப்பில் ஏதேனும் பிசகு ஏற்பட்டால், அதன் விளைவு தொற்று ஏற்பட்ட நாட்களில் தெரிவதில்லை. பிள்ளை குணமாகிப் பாடசாலைக்குத் திரும்பிய பிறகுதான் அது வெளிப்படுகிறது. கிணற்றில் தண்ணீர் வற்றிய பின்னும் நிறுத்தப்படாமல் ஓடும் மோட்டார் தன்னையே எரித்துக்கொள்வதைப் போன்றது இது.

இந்தப் பிசகு எப்படி ஏற்படுகிறது என்பதற்கு அண்மையில் ஒரு நல்ல விடை கிடைத்தது. கொவிட்டின் பின்னர் இத்தகைய அழற்சிக்கு ஆளான பிள்ளைகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரிடம் ஒரு விசேட பிறபொருளெதிரியைக் கண்டது. வைரஸின் உள்ளே இருக்கும் ஒரு புரதத்தின் சிறு துண்டும், நம் உடலில் இயல்பாகவே உள்ள எஸ்.என்.எக்ஸ்.8 என்ற புரதத்தின் சிறு துண்டும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றன. முதலாவதைத் தேடிப் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறபொருளெதிரி இரண்டாவதையும் பிடித்துக்கொள்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தவில்லை; ஏனையோரில் வேறு காரணங்கள் இருக்க வேண்டும்.

இவ்வகை நோய் முற்றிலும் புதியதுமன்று. தொண்டையில் ஒரு வகைப் பக்டீரியா தொற்றி, அது மாறி இரண்டு மூன்று வாரங்களின் பின்னர் மூட்டுகளும் இதய வால்வுகளும் வீக்கம் காணும் வாதக் காய்ச்சலை நம் முந்திய தலைமுறை நன்கு அறிந்திருந்தது. மாதமொருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்ட உறவினர் ஒருவரேனும் பல குடும்பங்களில் இருந்திருப்பார். அங்கு கிருமி பக்டீரியா, இங்கு வைரஸ் என்பது வேறுபாடு. காலந்தாழ்த்தித் தாக்கும் முறை ஒன்றே.

கவாசாகி முதல் கொவிட் வரை

1961இல் தோக்கியோவில் தொமிசாகு கவாசாகி என்ற சிறுவர் மருத்துவர், அதுவரை எந்த நூலிலும் விவரிக்கப்படாத நோயுடன் ஒரு பிள்ளையைக் கண்டார். பல நாள் நீடித்த காய்ச்சல், பீளை சாராத சிவந்த கண்கள், வெடித்த உதடு, உடல் முழுதும் தடிப்பு, வீங்கிய கைகால்கள். அவ்வாறான 50 பிள்ளைகளைக் கண்டு, 1967இல் அவர் எழுதிய கட்டுரையின் பின்னரே இந்நோய்க்கு ஒரு முகம் கிடைத்தது. பின்னாளில் அவருடைய பெயரே அதற்கு நிலைத்தது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கே இது வருகிறது. ஏதோவொரு தொற்று இதைத் தூண்டுகிறது என்று நம்பப்பட்டாலும், அந்தக் கிருமி இன்னும் அகப்படவில்லை.

கவாசாகி நோயின் ஆபத்து இதயத்தைச் சூழ்ந்து அதற்கு இரத்தம் ஊட்டும் முடியுரு நாடிகளில் இருக்கிறது. அழற்சியால் அந்த நாடிகளின் சுவர் நலிந்து, பலூன் போலப் புடைக்கிறது. புடைத்த இடத்தில் இரத்தம் உறைந்தால், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மாரடைப்பு வரலாம். சிகிச்சை அளிக்கப்படாதவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்தப் புடைப்பு ஏற்படுகிறது. காய்ச்சல் தொடங்கிப் பத்து நாட்களுக்குள், பிறபொருளெதிரிகளால் ஆன இம்யூனோகுளோபுலின் மருந்து ஏற்றப்பட்டால் அது நூற்றுக்கு நான்கைந்து என்ற அளவுக்குக் குறைகிறது. மருத்துவத்தில் சில நாள் தாமதம் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் இடங்கள் பல இல்லை.

2020 ஏப்ரல் இறுதியில் பிரித்தானியாவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கவாசாகி நோயை ஒத்த அறிகுறிகளுடன், ஆனால் வயதில் மூத்த பிள்ளைகள், இதயம் தளர்ந்து, இரத்த அழுத்தம் ஆபத்தாக வீழும் அதிர்ச்சி நிலையில் கொண்டுவரப்படுகிறார்கள் என்பதே அந்தச் செய்தி. இத்தாலியின் பெர்காமோ நகரத்து வைத்தியர்களும், அங்கு கொவிட் பரவிய வாரங்களைத் தொடர்ந்து கவாசாகி போன்ற நோய் வழக்கத்தைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு கூடியதாக எழுதினார்கள். அவ்வாண்டு மே 15ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்கான முதல் வரையறையை வெளியிட்டது. சிறுவரில் பல்தொகுதி அழற்சி நோய்த்தொகுப்பு என்பது அதன் முழுப் பெயர், வார்ட்டுகளில் எம்.ஐ.எஸ்.சி. என்றே சொல்வார்கள். இலங்கையில் 2021இல் கொவிட் பெரிய அளவில் பரவியதைத் தொடர்ந்து இங்குள்ள சிறுவர் வைத்திய நிபுணர்களும் இதைப் பற்றிப் பெற்றோருக்கு எச்சரிக்கத் தொடங்கினார்கள்.

எம்.ஐ.எஸ்.சி. அரியது. முதல் அலைகளின் காலத்திலும், தொற்றுக்குள்ளான சில ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கே வந்தது. ஒமிக்ரோன் வகையின் வருகைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு அது இன்னும் குறைந்துவிட்டது. ஆனாலும் வைரஸ் ஊரில் இருக்கும் வரை இதுவும் அடியோடு போய்விட்டதாகக் கொள்ள முடியாது. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது எட்டு, ஒன்பது. முதலில் வந்த கொவிட் மிக இலேசானதாகவோ, அறிகுறியே இல்லாததாகவோ இருந்திருக்கலாம் என்பதுதான் இதில் ஏமாற்றும் பகுதி: தடிமன் என்றுகூட எண்ணாமல் விட்ட ஒன்றுக்குப் பிறகும் இது வரக்கூடும். அப்படியான வீடுகளில், பிள்ளையுடையதற்குப் பதிலாக அம்மம்மாவுக்கோ தந்தைக்கோ வந்த இருமலின் திகதியே வைத்தியருக்கு உதவும்.

கண்ணால் காணக்கூடியவை

காய்ச்சல் மூன்று நாட்களுக்கு மேல் விடாமல் நிற்பது முதல் அடையாளம். பனடோல் கொடுத்தால் சற்றுத் தணிந்து, மருந்தின் வேகம் குறைந்ததும் மீண்டும் ஏறும். அத்தகைய காய்ச்சலில் பிள்ளையை வெளிச்சமான இடத்தில், ஜன்னலோரமாக இருத்தி, உடையைக் களைந்து பார்ப்பது நல்லது. மாநிறத்திலும் கரிய நிறத்திலும் தோலின் சிவப்பு மின்குமிழ் வெளிச்சத்தில் தெரியாமலே போய்விடும். வயிறு, தொடையிடுக்கு, முதுகு ஆகிய இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் தடிப்பு புலப்படும்.

கண்கள் இரண்டும் சிவந்திருக்கும், ஆனால் பீளை கட்டியிராது. காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும் சாதாரண கண்நோயிலிருந்து இதைப் பிரித்தறிய அதுவே போதும். கருவிழியைச் சுற்றி மட்டும் ஒரு மெல்லிய வளையம் வெண்மையாகவே எஞ்சியிருப்பதையும் சிலரில் காணலாம். உதடு வரண்டு, செக்கச் சிவந்து, வெடித்து, சில வேளை இரத்தம் கசியும். நாக்கை நீட்டச் சொன்னால் சிவந்த பரப்பில் சிறு சிறு புள்ளிகள் மேலெழுந்து நிற்பது தெரியும். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தடிக்கும். பிள்ளை செருப்புப் போட மறுக்கும், நடக்கச் சொன்னால் தூக்கச் சொல்லி அழும். கழுத்தின் ஒரு பக்கத்தில் நிணநீர்க்கணு வீங்கியிருக்கலாம். நகத்தின் ஓரத்திலிருந்து தோல் உரிவது இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே வரும். அதைக் கண்ட பிறகு வைத்தியரிடம் ஓடுவது மிகவும் பிந்திய செயல்.

நம் நாட்டுக் குழந்தைகளில் இன்னுமோர் அடையாளம் உண்டு. பிறந்தவுடன் இடது தோளில் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு, கவாசாகி நோயின்போது திடீரெனச் சிவந்து தடிப்பதுண்டு. குளிப்பாட்டும் தாய்க்கு இது வேறெவருக்கும் முன்பே தெரிந்துவிடும். பி.சி.ஜி. போடும் வழக்கமில்லாத நாடுகளின் பெற்றோருக்குக் கிடைக்காத துப்பு இது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் மற்ற அறிகுறிகள் ஒன்றிரண்டு மட்டுமே வெளிப்படுவதும், அவர்களுக்கே நாடிப் புடைப்பின் ஆபத்து அதிகமாக இருப்பதும் இந்தத் தழும்பைக் கவனிப்பதை இன்னும் அவசியமாக்குகின்றன.

எம்.ஐ.எஸ்.சி.யில் இவற்றுக்கு மேலாக வயிறு முன்னுக்கு வருகிறது. கடும் வயிற்றுவலி, சத்தி, வயிற்றோட்டம் ஆகியவை பெரும்பாலான பிள்ளைகளில் காணப்படுகின்றன; வலி குடல்வால் அழற்சியை அப்படியே ஒத்திருந்ததால் சத்திரசிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. இதயத் தசை பாதிக்கப்படும்போது பிள்ளை சோர்ந்து கிடக்கும், மூச்சு வேகமாகும், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே கைகால் சில்லிடும், சிறுநீர் குறையும். இந்த நிலைக்கு வந்த பிள்ளையை மறுநாள் சனல் செய்து, அதாவது தனியாரிடம் முன்பதிவு செய்து, காட்டலாம் என்று வைத்திருக்கக் கூடாது.

டெங்கு நகரத்தின் சிக்கல்

கொழும்பில் மூன்றாம் நாள் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. அது முற்றிலும் நியாயமானது. 2017ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். ஆண்டுதோறும் கொழும்பு மாவட்டம் பட்டியலின் மேற்பகுதியிலேயே இருக்கிறது. டெங்குவைச் சந்தேகிப்பது உயிர் காக்கும் பழக்கம் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் அறிக்கையை வாசிக்கும் விதத்தைக் குறுக்கிவிட்டது. ஆய்வுகூடத்தில் முழு இரத்தப் பரிசோதனையின் தாளைக் கையில் வாங்கியதும் பெற்றோரின் விரல் நேரே போய் நிற்பது பிளேட்லெட் என்ற வரியில்தான். 150,000க்கு மேலே இருந்தால் நிம்மதி. கீழே இருந்தால் டெங்கு என்ற முடிவு. பப்பாசி இலைச் சாறும் அன்றே தொடங்கிவிடும்.

பிளேட்லெட், அதாவது இரத்தச் சிறுதட்டுகள், எம்.ஐ.எஸ்.சி.யிலும் குறையலாம். காய்ச்சல், வயிற்றுவலி, சத்தி, தோல் சிவப்பு, குறைந்த சிறுதட்டு, இறுதியில் அதிர்ச்சி என்ற அதே வரிசையில் இரு நோய்களும் வரக்கூடும். பிரித்தறிய உதவும் எண்கள் அதே தாளில் சில வரிகள் தள்ளி இருக்கின்றன. டெங்குவில் மொத்த வெண்குழியங்கள் பெரும்பாலும் 5,000க்குக் கீழே இறங்கும். எம்.ஐ.எஸ்.சி.யில் நியூட்ரோபில் என்ற வகை உயர்ந்தும், லிம்போசைட் என்ற வகை வெகுவாகக் குறைந்தும் காணப்படும். டெங்குவில் குருதித் திரவம் குழாயிலிருந்து கசிவதால் இரத்தம் தடித்து, பி.சி.வி. என்ற எண் ஏறும். சி.ஆர்.பி. டெங்குவில் பல வேளைகளில் சற்றே உயரும்; எம்.ஐ.எஸ்.சி.யில் அது பெரும்பாலும் 100ஐயும் தாண்டிவிடுகிறது. காய்ச்சலின் போக்கும் வேறு: டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில் தொடங்குகிறது, எம்.ஐ.எஸ்.சி.யிலோ காய்ச்சல் எரிந்துகொண்டிருக்கும்போதே இரத்த அழுத்தம் விழுகிறது. இவை எவையும் தனித்தனியே முடிவு சொல்லப் போதுமானவை அல்ல. சி.ஆர்.பி. பக்டீரியாத் தொற்றிலும் உயரும், டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனையும் எதிர்மறையாக வந்ததாலேயே டெங்கு இல்லையென்று ஆகிவிடாது. எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பார்ப்பது நிபுணரின் வேலை.

இரண்டையும் மாற்றி எண்ணுவதால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். சேலைன் கொடுக்கும் அளவிலேயே அது தொடங்குகிறது. டெங்கு அதிர்ச்சியில் குழாயிலிருந்து திரவம் கசிந்து போய்விட்டதால் அதை மணிக்கு மணி அளந்து ஈடுசெய்கிறார்கள். எம்.ஐ.எஸ்.சி.யில் அதிர்ச்சிக்குப் பெரும்பாலும் இதயத் தசையின் தளர்ச்சியும் காரணமாகிறது; அங்கு அதிகத் திரவம் ஏற்றினால், அதைத் தள்ள முடியாத இதயத்தின் பின்னால் நுரையீரலில் நீர் தேங்கும். சென்ற மாதத்துத் தடிமனின் திகதியை முதல் மணித்தியாலத்திலேயே சொல்லிவிட்டால், வைத்தியர் இதயத்தை எக்கோ என்ற ஒலியலைக் கருவியால் பார்க்கத் தீர்மானிப்பதும் அந்த அளவுக்கு விரைவுபடும்.

டெங்குவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கும் குழாய்கள் கசிவதற்கு நோயெதிர்ப்பின் மிகையான செயற்பாடு முக்கிய காரணம். இரண்டாம் முறை வேறு வகை டெங்கு வைரஸ் தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்புக் கூடுவதும் முதல் தொற்றில் உருவான பிறபொருளெதிரிகளின் விளைவாகவே விளக்கப்படுகிறது.

வைத்தியசாலையில் நடப்பவை

பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை 1895 முதல் இயங்கிவருகிறது. அங்கும் ஏனைய அரச வைத்தியசாலைகளின் சிறுவர் பிரிவுகளிலும் சிகிச்சை இலவசம். சந்தேகம் வலுத்தால் பிள்ளையை அனுமதித்து, முதலில் அழற்சியின் அளவைக் காட்டும் பரிசோதனைகளைச் செய்வார்கள். இதயத் தசைக்குச் சேதம் உண்டா என்பதை ட்ரொபோனின் என்ற புரதமும், இரத்தம் உறையும் போக்கு மிகைப்பட்டிருக்கிறதா என்பதை டி-டைமர் என்ற எண்ணும் காட்டும். ஈ.சி.ஜி., எக்கோ ஆகியவை வலியற்றவை. கொவிட்டுக்கான பி.சி.ஆர். பல பிள்ளைகளில் எதிர்மறையாகவே வரும், ஏனெனில் வைரஸ் போய்விட்டது; பிறபொருளெதிரிப் பரிசோதனைதான் பழைய தொற்றைக் காட்டும். பி.சி.ஆர். எதிர்மறை என்றதும் கொவிட்டோடு தொடர்பில்லை என்று வாதாடும் பெற்றோர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இன்று ஏறத்தாழ எல்லோரும் ஒரு முறையாவது கொவிட் கண்டவர்களே ஆகையால், பிறபொருளெதிரி இருப்பதும் முன்னைப்போல் எதையும் உறுதிசெய்வதில்லை. தொற்று எப்போது நிகழ்ந்தது என்ற தகவலின் பெறுமதி இதனாலும் கூடிவிட்டது.

பக்டீரியாத் தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை அன்டிபயோட்டிக் கொடுப்பது வழக்கம். அழற்சிக்கான முதன்மைச் சிகிச்சை, பல ஆயிரம் பேர் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் இம்யூனோகுளோபுலின். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் என்ற கணக்கில் பல மணித்தியாலங்கள் எடுத்து மெதுவாக ஏற்றப்படுகிறது. எம்.ஐ.எஸ்.சி.யில் அதனோடு ஸ்டீரொய்ட் மருந்தும் பெரும்பாலும் சேர்க்கப்படும். இவற்றுக்கும் அடங்காதபோது சைட்டோகைன்களைக் குறிவைத்துத் தடுக்கும் மருந்துகள் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளில் ஓரிரு நாட்களிலேயே காய்ச்சல் இறங்கி முகம் தெளியத் தொடங்கும். தளர்ந்த இதயமும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், வழமைக்குத் திரும்பிவிடுகிறது. அமெரிக்கப் பதிவுகளின்படி இறந்தவர்கள் நூற்றுக்கு ஒன்று இரண்டு பேர்.

வேறு சில பின்விளைவுகள்

எல்லாப் பின்விளைவும் இவ்வளவு பாரதூரமானதன்று. தடிமன் மாறி ஒரு வாரத்தில் பிள்ளை நொண்டத் தொடங்கினால், அது இடுப்பு மூட்டின் தற்காலிக அழற்சியாக இருக்கலாம். தானாகவே ஓரிரு வாரத்தில் மாறும், எனினும் மூட்டுக்குள் கிருமி புகவில்லை என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். இன்புளுவென்சா இறங்கும் நாட்களில் கெண்டைக்கால் தசை வலித்து நுனிக்காலில் நடக்கும் பிள்ளைகளும் சில நாட்களில் தேறுவார்கள். சிறுதட்டுகளை நோயெதிர்ப்புத் தொகுதியே அழிப்பதால், வேறு நோய் எதுவும் இல்லாமலே உடலில் நீலத் தழும்புகளும் ஊதாப் புள்ளிகளும் தோன்றலாம். கொப்பளிப்பான் மாறிய பின்னர் சிறுமூளை அழற்சியால் பிள்ளை தள்ளாடி நடப்பதுண்டு. சின்னமுத்து போன்ற தொற்றுகளின் பின்னர் மூளையிலும் முண்ணாணிலும் அழற்சி வந்து, குழப்பமான பேச்சு, வலிப்பு, கைகால் பலவீனம் ஏற்படுவது அரிது. ஆனால் இது உடனடி அவசரம்.

வீட்டில் செய்யவேண்டியவை

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டின் பின்பக்கத்திலோ தொலைபேசியிலோ ஒவ்வொரு காய்ச்சலும் தொடங்கிய திகதியையும் விட்ட திகதியையும், வீட்டில் அப்போது வேறு யாருக்குச் சுகமில்லை என்பதையும் எழுதிவைத்தால் போதும். வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் “எத்தனை நாளாகக் காய்ச்சல்?” என்று மட்டுமே கேட்கப்படும், “இரண்டு நாள், டொக்டர், ஆனால் நாலு கிழமைக்கு முதல் வீட்டில் எல்லாருக்கும் தடிமன் வந்தது” என்று நீங்களாகச் சொல்ல வேண்டும்.

காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 300 மில்லிகிராம் என்பதே மேலெல்லை. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால் அது 12.5 மில்லிலீற்றர். இபுபுரோபன், டைக்ளோபெனக், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் ஆகியவற்றை, மலவாயில் வைக்கும் குளிசையாகக் கிடைத்தாலும், வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் இவை இரத்தப்போக்கைக் கூட்டும். முன்பு எப்போதோ மூச்சிழுப்புக்குத் தந்த ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மிச்சமிருக்கிறது என்று அதைக் கொடுப்பதும் ஆபத்து: ஸ்டீரொய்ட் காய்ச்சலைத் தற்காலிகமாக மறைத்து, நாடிகளில் நடப்பதை வைத்தியர் கண்ணிலிருந்து ஒளித்துவிடும். கொழும்பில் பாமசிக்காரரிடம் அறிகுறியைச் சொல்லி மருந்து வாங்குவது அவ்வளவு இலகுவாக இருப்பது, இந்த ஒரு விடயத்தில், பிள்ளைகளுக்குத் தீங்காகவே முடிகிறது.

பிள்ளை மயக்கமுற்றாலோ, மூச்சு வாங்கினாலோ, கைகால் குளிர்ந்து நிறம் மாறினாலோ, ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் கழிக்கவில்லையென்றாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கலாம், அதற்குக் கட்டணமில்லை.

வீடு திரும்பிய பின்

கவாசாகியிலும் எம்.ஐ.எஸ்.சி.யிலும் வீடு திரும்பும் பிள்ளைக்குச் சிறு அளவில் அஸ்பிரின் சில வாரங்களுக்கு எழுதித் தரப்படுவது வழமை. சற்று முன்னர் கொடுக்கக் கூடாது என்று சொன்ன அதே மருந்து இங்கு நாடியில் இரத்தம் உறையாதிருக்கத் தரப்படுகிறது. பிள்ளை தேறிவிட்டது என்று இடையில் நிறுத்தக் கூடாது. ஆனால் அஸ்பிரின் எடுக்கும் காலத்தில் கொப்பளிப்பானோ இன்புளுவென்சாவோ வந்தால், அல்லது வகுப்பில் பக்கத்துப் பிள்ளைக்கு வந்ததாகக் கேள்விப்பட்டால், உடனே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். அவ்விரு தொற்றுகளோடு அஸ்பிரின் சேரும்போது மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்த்தொகுப்பு அரிதாக வரக்கூடும்.

எக்கோ பரிசோதனை முதல் இரு வாரங்களுக்குள் ஒரு முறையும், நான்கு முதல் ஆறு வாரங்களில் மீண்டும் ஒரு முறையும் செய்யப்படும். இரண்டாவதைத் தவறவிடும் பெற்றோர் பலர், ஏனெனில் அப்போது பிள்ளை ஓடியாடிக்கொண்டிருக்கும். இதயத் தசை பாதிக்கப்பட்டிருந்தால் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குப் போட்டி விளையாட்டுகள் இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகப் பிள்ளை அழுதாலும் வைத்தியரின் கடிதத்தை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும்.

தடுப்பூசிகளில் ஒரு மாற்றம் உண்டு. ஏற்றப்பட்ட இம்யூனோகுளோபுலினில் சின்னமுத்துக்கும் கொப்பளிப்பானுக்கும் எதிரான பிறபொருளெதிரிகள் ஏராளமாக இருப்பதால், அவை உடலில் உள்ள வரை அந்நோய்களுக்கான உயிருள்ள தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்கா. எனவே எம்.எம்.ஆர்., கொப்பளிப்பான் ஊசி ஆகியவை பொதுவாக 11 மாதங்களுக்குப் பிற்போடப்படுகின்றன. நம் நாட்டில் எம்.எம்.ஆர். ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போடப்படுவதால், அந்த வயதை அண்மித்த பிள்ளைக்கு வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்ட்டை கிளினிக்கில் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் காட்டி, மருந்து ஏற்றப்பட்ட திகதியையும் புதிய ஊசித் திகதியையும் பதிவேட்டில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும்.